கோடுகளில் மனித உணர்வுகளைப் பேசவைத்த கண்டியின் மைந்தர் ஜோர்ஜ் கீட்

மனித உள்ளத்தில் எழும் மகிழ்ச்சி, துயரம், காதல், அச்சம், பிரிவாற்றாமை முதலான உணர்வுகளை வெளிப்படுத்துவதற்கு மொழி மாத்திரமே கருவியாக அமைந்ததில்லை. கல்லும் மரமும் மண்ணும் வர்ணமும் மனிதனின் நெஞ்சத்தைச் சுமந்து தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியும் ஒரு சிற்பத்தின் முன்னால் நின்று கண்கலங்க முடியும். அந்தச் சிற்பத்தைச் செதுக்கியவர் எந்த மொழி பேசினார், எந்தச் சமயத்தைச் சார்ந்திருந்தார் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை.

உணர்வு உள்ளத்தில் பிறந்தாலும் அது உடலிலேயே வெளிப்படுகின்றது என்பதைத் தமிழர்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டறிந்துள்ளனர். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் அமைந்திருப்பது இதற்குச் சான்றாகும். சினமும் சிரிப்பும் அழுகையும் அச்சமும் உட்பட எட்டு வகை உணர்வுகள் மெய்யின்கண் தோன்றும் விதத்தை அது வகுத்துரைக்கின்றது. இந்த உண்மையை இருபதாம் நூற்றாண்டில் தூரிகையால் மெய்ப்பித்துக் காட்டிய ஒருவர் கண்டி மாநகரில் பிறந்து, அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலேயே தமது வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்தார். இலங்கையின் நவீன ஓவியக் கலைக்கு உலகளாவிய பெருமையைத் தேடித்தந்த ஜோர்ஜ் கீட் அவர்களே அவர். அவர் பெயர் தமிழ் பேசும் மக்கள் மத்தியில் போதியளவு அறியப்படவில்லை என்பது கவலைக்குரியதாகும்.

பறங்கியர் குடும்பத்தில் பிறப்பு

ஜோர்ஜ் கீட் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி கண்டியில் பிறந்தார். அவருடைய குடும்பம் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் சமூகத்தைச் சார்ந்தது. ஆங்கிலமே வீட்டு மொழி. கிறிஸ்தவமே குடும்பச் சமயம். ஆங்கிலேயர் ஆட்சியில் அரச உத்தியோகங்களும் சமூக மதிப்பும் எளிதாகக் கிட்டிய அக்காலப் பறங்கியர் குடும்பங்களில், ஒரு பிள்ளை கற்றுத் தேறி நல்ல பதவியொன்றை அடைவதே இயல்பான எதிர்பார்ப்பாக இருந்தது.

கீட் கண்டி திரித்துவக் கல்லூரியில் கல்வி பயின்றார். அப்போது அதன் அதிபராக விளங்கியவர் ஏ.ஜீ. பிரேசர் ஆவார். 1904 முதல் 1924 வரை அக்கல்லூரியை வழிநடத்திய அவர், மிஷனரியாக வந்தவராயினும் மாணவர்கள் தமது நாட்டின் மொழிகளையும் பண்பாட்டையும் அறியாமல் வளர்வதை விரும்பவில்லை. சிங்களமும் தமிழும் பாடசாலையில் இடம்பெற வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அத்தகைய சூழலிலே வளர்ந்த போதிலும் கீட் பரீட்சைகளில் பிரகாசிக்கவில்லை. வகுப்பறைப் பாடங்களைக் காட்டிலும் நூல்நிலையத்துப் புத்தகங்களே அவரை ஈர்த்தன. உயர் பட்டம் எதுவுமின்றி அவர் பாடசாலையை விட்டு வெளியேறினார். அக்காலத்து அளவுகோலின்படி அவர் தோல்வி கண்ட ஒரு மாணவர். எனினும் அவருடைய உண்மையான கல்வி அதன் பின்னரே ஆரம்பமாயிற்று.

கண்டி வாவிக் கரையில் தலதா மாளிகைக்கு எதிர்ப்புறமாக அமைந்துள்ள மல்வத்து விகாரையே அவருடைய இரண்டாவது கல்லூரி ஆயிற்று. அங்கிருந்த பின்னவல தீரானந்த தேரரிடம் அவர் பௌத்த தத்துவத்தையும் சிங்கள இலக்கியத்தையும் கற்றார். பௌத்த சஞ்சிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதினார், சித்திரங்கள் வரைந்தார். ஆங்கிலம் பேசும் கிறிஸ்தவக் குடும்பத்து இளைஞர் ஒருவர் விகாரையின் திண்ணையில் அமர்ந்து பாடங்கேட்டது அன்றைய கண்டிச் சமூகத்தில் சாதாரண விடயமாக இருந்திருக்க முடியாது. தான் பிறந்த வட்டத்துக்கு வெளியே சென்று மற்றொரு சமூகத்தின் உள்ளத்தை அறிய முற்படும் இந்தப் பண்பு இறுதிவரை அவரைவிட்டு நீங்கவில்லை.

கண்டி கற்றுக்கொடுத்த கலை

கண்டி இராச்சியத்தின் கலைச் செல்வங்களை உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தவர் ஒரு தமிழ்த் தந்தையின் மகன் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தமாகும். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கண்டி நாட்டுக் கம்மாளர், தச்சர், ஓவியர் ஆகியோரின் தொழில் நுட்பங்களைக் கிராமங்கள்தோறும் சென்று ஆராய்ந்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908இல் வெளியிட்டார். ஐரோப்பிய ஓவியமே உயர்ந்தது என எண்ணியிருந்த கற்றோர் குழாத்தின் கண்களை அந்நூல் திறந்துவைத்தது. கீட் போன்றோர் தம் மண்ணின் கலையை மதிப்புடன் நோக்குவதற்கு அது வழிசமைத்தது எனலாம்.

கண்டியைச் சுற்றியுள்ள கோயில்களும் விகாரைகளும் மனித உணர்வுகளின் களஞ்சியங்களாகும். எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்களில் மல்லர்கள் பொருதுகின்றனர்; ஆடற்பெண்கள் அசைகின்றனர்; தாயொருத்தி குழந்தையை அணைத்திருக்கின்றாள். 1344ஆம் ஆண்டில் எழுந்த கடலாதெனிய விகாரையின் கற்பணிக்குத் தலைமை தாங்கியவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேஸ்வராச்சாரி என்னும் சிற்பி ஆவார். பௌத்த விகாரையொன்றைத் தென்னிந்தியச் சிற்பி ஒருவர் திராவிடப் பாணியில் அமைத்ததை அன்றைய மக்கள் முரணாகக் கருதவில்லை.

கண்டிக்கு அண்மையில் அமுனுகமவில் உள்ள தெகல்தொருவை குகை விகாரையின் சுவரோவியங்கள் கீட்டின் கலைக்கு மிக நெருங்கிய உறவுடையவை. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், இராஜாதி இராஜசிங்கன் ஆகிய நாயக்க மன்னர்களின் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் அவை தீட்டப்பட்டன. செந்நிறப் பின்னணியில் கதை நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நாடா போல ஓடுகின்றன. தன் பிள்ளைகளையே தானமாகக் கொடுத்த வெஸ்ஸந்தர மன்னனின் கதை அங்கே இடம்பெற்றுள்ளது. அவ்வோவியங்களில் முகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே காணப்படும். கண்ணீர்த் துளிகளையோ சுருங்கிய புருவங்களையோ ஓவியர் நம்பியிருக்கவில்லை. நீட்டிய கை, வளைந்த முதுகு, சாய்ந்த கழுத்து ஆகியவற்றாலேயே துயரமும் பக்தியும் உணர்த்தப்படுகின்றன. இந்த இரகசியத்தையே கீட் பின்னாளில் தமதாக்கிக்கொண்டார்.

இருபத்தாறாம் வயதில் தூரிகை

கீட் முறையாக ஓவியம் தீட்டத் தொடங்கியது தமது இருபத்தாறாவது வயதளவிலேயே. ஓவியக் கல்லூரி எதிலும் அவர் பயின்றவர் அல்லர். அக்காலத்தில் இலங்கையின் ஓவிய உலகில், 1891இல் அமைக்கப்பட்ட இலங்கைக் கலைச் சங்கமே செல்வாக்குப் பெற்றிருந்தது. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் பாணியில், கண்ணுக்கு இனிய இயற்கைக் காட்சிகளையும் கனவான்களின் உருவப்படங்களையும் தீட்டுவதே சிறந்த ஓவியம் எனக் கருதப்பட்டது.

இந்நிலையை மாற்றுவதற்கு இருவர் முன்னின்றனர். ஒருவர், அரசாங்கத்தின் பிரதம சித்திரக்கலைப் பரிசோதகராகக் கடமையாற்றிய சார்ள்ஸ் பிரீகுரோவ் வின்சர். ஐரோப்பாவில் தோன்றியிருந்த புதிய ஓவிய இயக்கங்களை அறிந்திருந்த அவர், உள்ளூர் இளைஞர்களைச் சுயமாகச் சிந்திக்கத் தூண்டினார். மற்றவர், பியானோ வாத்தியக் கலைஞரும் புகைப்படக் கலைஞருமான லயனல் வென்ட். ஐரோப்பாவிலிருந்து நூல்களையும் ஓவியப் பிரதிகளையும் தருவித்து நண்பர்களுக்குக் காட்டி, திறமையுள்ளோரைத் தேடிச் சென்று ஆதரித்த பெருந்தகை அவர். கீட்டின் ஆற்றலை ஆரம்பத்திலேயே அறிந்து, அவரும் டபிள்யூ.ஜே.ஜீ. பீலிங்கும் கொழும்பில் தமது ஓவியங்களைக் காட்சிப்படுத்துவதற்குத் துணைநின்றவர் வென்ட் ஆவார்.

1929, 1930ஆம் ஆண்டுகளில் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்பில் தங்கியிருந்த இளங்கவிஞர் பப்லோ நெருடா, கீட்டின் ஓவியங்களைக் கண்டு வியந்து அவற்றைப் பாராட்டி எழுதினார். 1971இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற அதே நெருடாவே இவர். சொந்த நாட்டின் மேட்டுக்குடி இரசிகர்கள் முகஞ்சுளித்த ஓவியங்களில் ஜீவனைக் கண்டவர், தூரதேசத்திலிருந்து வந்த ஒரு கவிஞர் என்பது சிந்திக்கத்தக்கது.

நவீன ஓவியமும் மனித உணர்வும்

நவீன ஓவியம் என்றதும் விளங்காத கிறுக்கல் என்ற எண்ணம் நம்மிற் பலரிடம் இன்றும் உண்டு. உண்மையில், கண்ணுக்குத் தெரிவதை மாத்திரம் பிரதி செய்யும் வேலையைப் புகைப்படக் கருவி ஏற்றுக்கொண்ட பின்னர், உள்ளத்தில் நிகழ்வதைக் காட்டுவதே ஓவியரின் தலையாய பணியாயிற்று. நோர்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் மூங்க் 1893இல் தீட்டிய அலறல் என்னும் ஓவியத்தில், ஒரு மனிதனின் அச்சம் வானத்தையும் நீரையும் வளைத்துவிடுகின்றது. ஸ்பானிய நகரமான குவர்னிக்கா மீது குண்டுகள் வீசப்பட்ட 1937ஆம் ஆண்டிலேயே பிக்காசோ அந்நகரின் பெயரால் தீட்டிய பேரோவியத்தில், சிதைந்த உருவங்களே யுத்தத்தின் கொடூரத்தைப் பறைசாற்றுகின்றன. முதலாம் உலகப் போரில் மகனை இழந்த ஜேர்மனியக் கலைஞர் கேத்தே கொல்விட்ஸ், முழந்தாளிட்டிருக்கும் தாய், தந்தை ஆகிய இரு கற்சிலைகளை 1932இல் நிறைவுசெய்தார். தம்மைத் தாமே இறுகத் தழுவிக்கொண்டிருக்கும் அவ்வுருவங்களைக் காண்போருக்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

நமக்கு அண்மையில் உதாரணம் வேண்டுமாயின், தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் சென்னை மெரினா கடற்கரையில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை நோக்கலாம். பாறையை நகர்த்தும் நால்வரின் முறுகிய தசைநார்களில் உழைப்பின் வேதனையும் வீறும் ஒருங்கே வெளிப்படுகின்றன.

பிக்காசோவும் பிராக்கும் உருவாக்கிய கியூபிசப் பாணி கீட்டைப் பெரிதும் கவர்ந்தது. பொருட்களையும் உருவங்களையும் பல கோணங்களிலிருந்து ஒரே நேரத்தில் காட்டும் அம்முறையை 1930களில் அவர் ஆர்வத்துடன் பயின்றார். ஆனால் அதனுடன் அவர் நின்றுவிடவில்லை. பக்கவாட்டு முகத்தில் முழுக் கண்ணையும் காட்டும் வழக்கம் இந்தியச் சுவடி ஓவியங்களில் பல நூற்றாண்டுகளாக உண்டு. சீகிரியாவின் வண்ணங்களும், அஜந்தாவின் நளினமும், தென்னகக் கோயிற் சிற்பங்களின் செழிப்பும், தெகல்தொருவையின் கோடும் அவருடைய உள்ளத்தில் ஏற்கனவே குடிகொண்டிருந்தன. மேற்கிலிருந்து பெற்ற துணிவைக் கொண்டு கிழக்கின் செல்வத்தை மீட்டெடுத்தவர் கீட் என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

அவருடன் ஒப்பிட்டு நோக்கத்தக்க மற்றுமொரு கலைஞரும் அதே திரித்துவக் கல்லூரியிற் பயின்றவரே. 1900ஆம் ஆண்டில் இந்தியாவின் அல்மோராவில், ஆங்கிலேயத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த டேவிட் பெயின்டர், இலண்டனில் முறையாக ஓவியம் பயின்று திரும்பி, கல்லூரித் தேவாலயத்தின் சுவர்களில் விவிலியக் காட்சிகளைத் தீட்டினார். இலங்கை நிலக்காட்சியின் நடுவே, தாடியற்ற இளைஞராக இயேசு சிலுவையில் தொங்குவதை அங்கே காணலாம். பெயின்டர் உடலை இயற்கையாக வரைந்து உணர்வைக் காட்டினார். கீட்டோ உடலைக் கோடுகளாக மாற்றி உணர்வைக் காட்டினார். இருவரின் இலக்கும் ஒன்றே. தூரதேசத்துக் கதையாயினும் புராணக் கதையாயினும், அதிலுள்ள வேதனை நம் அயலவரின் வேதனையாகத் தோன்ற வேண்டும் என்பதே அது.

வாழ்வின் கொந்தளிப்பு

கீட்டின் சொந்த வாழ்வு அமைதியாக ஓடிய நதியல்ல. 1930இல் தமது சமூகத்தைச் சேர்ந்த ரூத் ஜான்ஸ் என்பவரை அவர் மணந்தார். அவ்வில்வாழ்வு நிலைக்கவில்லை. பின்னர் பிலவல மெனிக்கே என்னும் கண்டிக் கிராமத்துப் பெண்ணுடன் நகரத்தை விட்டு விலகிக் கிராமத்தில் வாழத் தலைப்பட்டார். பறங்கியர் சமூகத்தின் மதிப்பையும் வசதிகளையும் துறந்த இம்முடிவு அவரையும் அவரைச் சார்ந்தோரையும் பெரிதும் வருத்தியது. ஒருவருடைய கலையைப் போற்றும்போது அதன் பொருட்டுப் பிறர் செலுத்திய விலையை மறந்துவிடுதல் நியாயமாகாது.

அக்காலத்தில் அவர் ஆங்கிலத்தில் கவிதைகளும் எழுதினார். சிங்களக் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பிரிவு, ஏக்கம், குற்றவுணர்வு என அவருடைய உள்ளத்தை அலைக்கழித்த உணர்வுகள் ஓவியங்களுக்குள்ளும் நுழைந்தன. அதுவரை விகாரைக்குச் செல்வோரையும் பிக்குகளையும் இயற்கைக் காட்சிகளையும் வரைந்தவர், ஆணும் பெண்ணும் கூடுதலையும் பிரிதலையும் தமது நிரந்தரப் பொருளாக ஏற்றுக்கொண்டார்.

கோதமி விகாரையின் சுவர்கள்

1939, 1940ஆம் ஆண்டுகளில் கொழும்பு பொரளையிலுள்ள கோதமி விகாரையின் சுவர்களில் புத்த பெருமானின் வாழ்க்கை வரலாற்றை கீட் தீட்டினார். அவருடைய நண்பரும் கலை ஆதரவாளருமான ஹரல்ட் பீரிஸ் இப்பணியை அவரிடம் ஒப்படைத்தார். பிறப்பு முதல் பரிநிர்வாணம் வரை சுவரெங்கும் விரியும் அவ்வோவியங்கள் இன்றும் அவருடைய தலைசிறந்த சாதனையாகக் கருதப்படுகின்றன.

அங்கே சில வர்ணங்களே பயன்படுத்தப்பட்டுள்ளன. நெளிந்தும் சுழன்றும் செல்லும் கோடே எல்லாவற்றையும் தாங்குகின்றது. மாரன் தன் படையுடன் வந்து சித்தார்த்தரைக் கலைக்க முயலும் காட்சியை நோக்கினால் இது விளங்கும். ஒருபுறம் ஆசையும் அச்சமும் சினமும் பல உருவங்களாகப் பின்னிப் பிணைந்து மோதுகின்றன. அவற்றின் நடுவே அசைவற்ற ஓர் உருவம் அமர்ந்திருக்கின்றது. சுற்றியுள்ள கோடுகளின் கொந்தளிப்பே நடுவிலுள்ள அமைதியை நாம் உணரும்படி செய்கின்றது. தெகல்தொருவையின் கூரையிலும் மாரனின் போர் தீட்டப்பட்டுள்ளது. அந்தப் பழைய ஓவியத்தைப் பார்த்து வளர்ந்தவரின் கையில் அதே காட்சி, மன அலைச்சலை அறிந்த ஒரு நவீன மனிதனின் போராட்டமாகவும் மாறியிருக்கின்றது.

நாயகியும் நாயகனும்

பௌத்தத்தில் ஆழ்ந்த கீட்டை அடுத்து ஈர்த்தவை இந்து புராணங்களும் வடமொழிக் காதல் இலக்கியங்களுமாகும். கண்ணனையும் ராதையையும் பாடும் ஜயதேவரின் கீத கோவிந்தத்தை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அதற்கான கோட்டுச் சித்திரங்களையும் தாமே வரைந்தார். தமிழகத்தின் பஜனை மரபில் அஷ்டபதி என்ற பெயரில் பாடப்பட்டு வரும் நூலே அது. 1940களில் இலங்கையிலும் இந்தியாவிலும் இம்மொழிபெயர்ப்புக்குக் கிடைத்த வரவேற்பு அவருடைய பெயரை இந்தியக் கலையுலகில் பரவச் செய்தது.

தலைவனின் வரவுக்காகக் காத்திருப்பவள், ஊடியிருப்பவள், பிரிவால் வாடுபவள் எனத் தலைவியின் மனநிலைகளைப் பகுத்துக் காண்பது இந்திய அழகியல் மரபாகும். அகத்திணை இலக்கியங்களிற் பயின்ற தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. பாலையும் முல்லையும் நெய்தலும் எவ்வுணர்வுகளுக்கு உரியவை என்பதை அறிந்தவர் கீட்டின் ஓவியங்களுக்குள் எளிதாக நுழைந்துவிட முடியும். அவருடைய நாயகிகளின் முகத்தில் கண்ணீர் இல்லை. பெரிய கண்கள் எங்கோ நோக்குகின்றன. ஆனால் மடங்கிய கை, ஒடுங்கிய தோள், ஒருபுறம் சாய்ந்த தலை ஆகியன அவள் காத்திருந்த நாழிகைகளைக் கணக்கிட்டுச் சொல்லிவிடுகின்றன. மெய்ப்பாடு என்னும் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை.

காதலை மாத்திரம் அவர் வரைந்தார் எனக் கொள்வதும் தவறாகும். இரண்டாம் உலகப் போர் நடைபெற்றுக்கொண்டிருந்த 1943ஆம் ஆண்டில் பீமனும் ஜராசந்தனும் பொருதுவதை அவர் ஓவியமாக்கினார். யாருடைய கை, யாருடைய கால் எனப் பிரித்தறிய முடியாதபடி இரு உடல்களும் ஒன்றாக இறுகிக் கிடக்கும் அவ்வோவியம் பகைமையின் இயல்பைத் துல்லியமாகக் காட்டுகின்றது.

நாற்பத்து மூன்றாம் குழு

1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொழும்பில் லயனல் வென்டின் இல்லத்தில் கூடிய கலைஞர்கள் 43 குழு என்னும் அமைப்பை நிறுவினர். கீட்டுடன் ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ரிச்சர்ட் கேப்ரியல், ஓப்ரி கொலெட், பீலிங், அப்போது பிக்குவாக இருந்த மஞ்சுஸ்ரீ ஆகியோர் அதில் இணைந்திருந்தனர். சிங்களவரும் பறங்கியரும், பௌத்தரும் கிறிஸ்தவரும், துறவியும் இல்லறத்தாரும் ஒரே குழுவில் இருந்தனர். அவர்கள் ஒருவரைப்போல் மற்றவர் வரையவில்லை. ஒவ்வொருவரும் தாம் கண்ட உண்மையைத் தமக்குரிய முறையில் சொல்லும் உரிமையே அவர்களைப் பிணைத்தது. 1950களில் இலண்டன், பாரிஸ், வெனிஸ் முதலிய நகரங்களில் இக்குழுவினரின் ஓவியங்கள் காட்சிப்படுத்தப்பட்டுப் பாராட்டைப் பெற்றன.

இந்தப் புதிய அலையின் தாக்கம் வடக்கையும் எட்டியது. யாழ்ப்பாணத்தில் எஸ்.ஆர். கனகசபை அவர்களின் முயற்சியால் 1930களின் பிற்பகுதியில் உருவான ஓவியர் கழகம், பிரதம பரிசோதகர் வின்சரின் பெயரையே தாங்கி இயங்கியது. ஆகவே, நவீன ஓவியம் தமிழருக்கு அந்நியமான ஒன்று என்ற கூற்றுக்கு வரலாற்றில் ஆதாரமில்லை.

பம்பாய் நாட்கள்

1940களின் பிற்பகுதியில் கீட் சில ஆண்டுகள் பம்பாயில் தங்கி ஓவியம் தீட்டினார். அங்கு அவருடைய கண்காட்சிகள் பெரும் கவனத்தைப் பெற்றன. அவருடைய ஓவியங்களைச் சேகரித்தவரும் நண்பருமான மார்ட்டின் ரஸ்ஸல் எழுதிய நூலை, முல்க் ராஜ் ஆனந்தை ஆசிரியராகக் கொண்டிருந்த மார்க் கலைச் சஞ்சிகையின் நிறுவனம் 1950இல் வெளியிட்டது.

இதே காலப்பகுதியில், 1947இல், பம்பாயில் முற்போக்குக் கலைஞர் குழு தோன்றியது. அதன் நிறுவனர்களுள் எம்.எப். ஹுசைன், எஸ்.எச். ராசா ஆகிய இரு முஸ்லிம் கலைஞர்களும் அடங்குவர். மனித உருவங்களையும் ஓடும் குதிரைகளையும் வேகமான கோடுகளால் தீட்டியவர் ஹுசைன். ராசாவோ காலப்போக்கில் மனித உருவத்தை முற்றாகக் கைவிட்டு, வர்ணங்களையும் வடிவங்களையும் ஒரு கரும்புள்ளியையும் கொண்டே தியானத்தையும் ஏக்கத்தையும் வெளிப்படுத்தினார். வழிபாட்டிடங்களில் உயிருள்ளவற்றின் உருவங்களைத் தவிர்த்து வந்த இஸ்லாமிய மரபு, எழுத்தணிக் கலையிலும் கேத்திரகணித வடிவங்களிலும் பயபக்தியையும் பரவசத்தையும் வெளிப்படுத்தும் வழியைக் கண்டறிந்தது. உருவத்தின் மூலமாயினும் உருவமின்றியாயினும் கோட்டுக்கும் வர்ணத்துக்கும் உள்ளத்தைத் தொடும் வல்லமை உண்டு என்பதை இவ்விரு மரபுகளும் சேர்ந்தே உறுதிப்படுத்துகின்றன.

இறுதிக் காலம்

இந்தியாவிலிருந்து திரும்பிய பின்னரும் கீட் கண்டியின் சுற்றுப்புறத்தையே தமது வாழ்விடமாகக் கொண்டார். மகாவலி கங்கைக்கு அப்பால், தெகல்தொருவைக்கு அண்மித்த சிரிமல்வத்தை கிராமத்தில் அவர் நெடுங்காலம் வாழ்ந்து ஓவியம் தீட்டினார். பிற்காலத்தில் ஒரே வகையான நாயகி உருவங்களையே அவர் திரும்பத் திரும்ப வரைந்தார் என்றும், அலங்காரம் மிகுந்து ஆழம் குறைந்தது என்றும் விமர்சகர்கள் சிலர் குறை கூறியுள்ளனர். இவ்விமர்சனத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூரிகையைக் கீழே வைக்காத ஒருவரை அவருடைய உச்சங்களைக் கொண்டு அளப்பதே முறையாகும்.

1988இல் அவருடைய பெயரால் ஜோர்ஜ் கீட் மன்றம் நிறுவப்பட்டது. 1993ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி தமது 92ஆவது வயதில் அவர் காலமானார். அவ்வாண்டிலேயே அம்மன்றம் ஆரம்பித்த கலா பொல என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தை, பெயர் பெறாத கலைஞர்களும் தமது ஓவியங்களையும் சிற்பங்களையும் நேரடியாக மக்கள் முன் வைப்பதற்குக் களம் அமைத்தது. அச்சந்தை கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடைபெற்று வந்துள்ளமை பொருத்தமான தற்செயல் ஆகும்.

நமக்கு விட்டுச் சென்ற பாடம்

பறங்கியராகப் பிறந்து, பௌத்த பிக்குவிடம் பாடங்கேட்டு, இந்து புராணங்களில் தோய்ந்து, ஸ்பானிய ஓவியரிடமிருந்து துணிவு பெற்று, கண்டிக் கிராமத்தில் வாழ்ந்தவர் கீட். இவற்றுள் எதுவும் அவருடைய ஏனைய உறவுகளை அழித்துவிடவில்லை. மனித உணர்வுக்கு இனமும் மதமும் இல்லை என்று மேடைகளில் முழங்குவது எளிது. அதனை ஒரு வாழ்நாளின் உழைப்பாகச் செய்துகாட்டுவது அரிது.

அவர் வாழ்ந்த கிராமத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லாத திகனையிலும் தெல்தெனியவிலும் கண்டி மாவட்டத்தின் ஏனைய சில பகுதிகளிலும் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முஸ்லிம் மக்களின் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாக்கப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. அதற்கு முன்னர் 1983இல் இதே கண்டியில் தமிழ் மக்கள் அடைந்த இன்னல்களும் மறக்கக்கூடியவை அல்ல. அயலவரின் அழுகையை அழுகையாகக் காண முடியாத கண்களே இத்தகைய கொடுமைகளுக்கு இடமளிக்கின்றன. ஓர் ஓவியம் தீயை அணைத்துவிடாது. ஆனால் பிறர் துயரைக் காணப் பழகிய கண், தீவைக்கும் கைக்கு அவ்வளவு எளிதில் துணைபோகாது.

நமது பாடசாலைகளில் சித்திரப் பாடம், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நேரம் போதாதவிடத்து முதலில் கைவிடப்படும் பாடமாகவே பல பெற்றோராலும் ஆசிரியர்களாலும் கருதப்படுகின்றது. பரீட்சையில் சித்தியடையாத ஒரு மாணவரே நம் நாட்டின் நவீன ஓவியத்தின் முதல்வராக உயர்ந்தார் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். யுத்தத்தில் உறவுகளை இழந்தோரும், இடம்பெயர்ந்து வாழ்ந்தோரும், மலையகத்தின் லயன் அறைகளில் தலைமுறைகளாகத் துயரைச் சுமந்தோரும் நம்மிடையே உள்ளனர். வார்த்தைகளால் சொல்லி முடிக்க இயலாத அவர்களுடைய வேதனைகளுக்கு உருவம் கொடுக்கப் போகும் கைகள் இன்று ஏதோ ஒரு வகுப்பறையின் கடைசி வாங்கில் கிறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். அக்கைகளைத் தட்டிவிடாதிருப்பது நம் கடமையாகும்.

கண்டிக்குச் செல்வோர் தலதா மாளிகையையும் வாவியையும் கண்டு திரும்புவது வழக்கம். அடுத்த முறை செல்கையில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தெகல்தொருவைக்கும் எம்பக்கேக்கும் சென்று வாருங்கள். கொழும்பில் கோதமி விகாரையின் சுவர்களையும், 43 குழுவினரின் ஓவியங்களைப் பேணிவரும் பார்ன்ஸ் பிளேஸ் சபுமல் மன்றத்தையும் அவர்களுக்குக் காட்டுங்கள். அங்குள்ள உருவங்களின் கைகளையும் தோள்களையும் சற்றுப் பொறுமையுடன் பார்க்கும்படி கூறுங்கள். ஜோர்ஜ் கீட் தமது வாழ்நாள் முழுவதும் செய்ததும் அவ்வாறு பொறுமையுடன் பார்த்ததே ஆகும்.